ஆங்கிலக் கருத்துணர்தல் வினாக்களை அணுகும் முறை: மூயெட் வாசிப்புத் தாளை முன்வைத்து

முன்னுரை

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் ஆங்கிலத் தேர்வைப் பற்றிய கட்டுரையா என்று வாசகர்கள் சிலர் வியக்கக்கூடும். வியப்பு நியாயமானதே. ஆயினும், நம் கழகத்தின் அறையில் தேநீர் வேளையில் அதிகம் பேசப்படும் பொருள் எது என்று எண்ணிப் பாருங்கள். பட்டிமன்றத் தலைப்பும் கலைவிழாச் செலவும் அடுத்தபடிதான். ‘மூயெட் எத்தனை எடுத்தாய்?’ என்ற கேள்வியே முதலிடம் பெறுகிறது.

மூயெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வை மலேசியத் தேர்வு மன்றம் 1999-ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. உயர்கல்விக்கூடங்கள் ஒவ்வொரு துறைக்கும் ஒரு தரநிலையை நிபந்தனையாக வைக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, படிவம் ஆறு முடித்துவரும் நம் மாணவர் பலருக்கு இந்த ஒரு தேர்வே தடைக்கல்லாக நிற்கிறது. மற்றப் பாடங்களில் நல்ல புள்ளிகள் பெற்றும், ஆங்கிலத் தரநிலை அரைப்படி குறைந்ததால் விரும்பிய துறையை இழந்தவர்களை நான் அறிவேன். நானும் அவ்வரிசையில் நின்றவன். எனவே, அறிஞனாக அல்லாமல், விழுந்து எழுந்தவனாக இக்கட்டுரையை எழுதுகிறேன். தேர்வின் நான்கு தாள்களுள் வாசிப்புத் தாளை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

தேர்வின் அமைப்பு

களத்தை அறியாமல் கால் வைக்கலாகாது. மூயெட் தேர்வின் அமைப்பு 2021-ஆம் ஆண்டில் மாற்றப்பட்டு, சி.இ.எஃப்.ஆர். எனும் ஐரோப்பிய மொழித் தரச் சட்டகத்துடன் இணைக்கப்பட்டது. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய நான்கும் இப்போது சமமான மதிப்புடையவை. ஒவ்வொன்றுக்கும் 90 புள்ளிகள் என, மொத்தம் 360 புள்ளிகள். முந்தைய அமைப்பில் வாசிப்புத் தாள் மட்டும் மொத்தப் புள்ளிகளில் 40 விழுக்காட்டைப் பெற்றிருந்தது. அதில் 45 வினாக்கள், 90 நிமிடங்கள். இன்று 40 வினாக்கள், 75 நிமிடங்கள். ஆகவே, அண்ணன் அக்காள் விட்டுச்சென்ற பழைய பயிற்சி நூல்கள் வாசிப்புப் பழக்கத்திற்கு உதவலாம்; நேரக் கணக்கிற்கு உதவமாட்டா.

இத்தாள் ஏழு பகுதிகளைக் கொண்டது. முதல் மூன்று பகுதிகள் ஒப்பீட்டளவில் எளியவை. அவற்றில் 14 வினாக்கள் உள்ளன. நான்காம் பகுதியில் ஒரே பொருளைப் பற்றிய இரண்டு பனுவல்களை ஒப்புநோக்கி ஆறு வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ஐந்தாம் பகுதியில் ஒரு பனுவலிலிருந்து ஆறு வாக்கியங்கள் நீக்கப்பட்டிருக்கும். அவற்றை உரிய இடத்தில் பொருத்த வேண்டும். ஆறாம், ஏழாம் பகுதிகளில் நீண்ட பனுவல்கள். ஒவ்வொன்றிலும் ஏழு வினாக்கள். பகுதிக்குப் பகுதி கடுமை ஏறிக்கொண்டே போகும் என்பதை மனத்தில் இருத்த வேண்டும்.

நான் இடறிய இடம்

முதல்முறை தேர்வு எழுதியபோது, எளிய முதற்பகுதியிலேயே நான் இருபது நிமிடம் செலவிட்டேன். காரணம், ஒவ்வோர் ஆங்கில வாக்கியத்தையும் மனத்துக்குள் தமிழில் பெயர்த்தேன். தமிழில் சொல் கிடைக்காத இடத்தில் மலாய்ச் சொல் வந்து நின்றது. இப்படி மூன்று மொழிகளிடையே நடந்து நடந்து ஐந்தாம் பகுதியை முடித்தபோது, கண்காணிப்பாளர் ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்று அறிவித்தார். ஆறாம், ஏழாம் பகுதிகளின் 14 வினாக்களுக்கும் பனுவலைப் பார்க்காமலேயே விடைத்தாளைக் கருமையாக்கினேன். முடிவு வந்தபோது கிடைத்தது மூன்றாம் தரநிலை. நான் விண்ணப்பிக்க எண்ணிய துறை நான்கைக் கேட்டது.

வீட்டில் யாரும் கடிந்துகொள்ளவில்லை. ‘தமிழ்ப்பள்ளியில் போட்டதால்தானோ?’ என்று அம்மா ஒருமுறை மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. அதற்கு மறுமொழி சொல்ல வேண்டும் என்ற எண்ணமே இரண்டாம் முறை எழுதும் துணிவைத் தந்தது.

அவ்வேளையில் எனக்குக் கைகொடுத்தவர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பித்த ஆசிரியர். எஸ்.பி.எம். தமிழ்மொழிக் கருத்துணர்தலை நடத்தும்போது அவர் ஓயாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: ‘இந்த வாக்கியம் இங்கே எதற்காக நிற்கிறது?’ பொருள் என்ன என்று அவர் முதலில் கேட்கவே மாட்டார். முன்வாக்கியத்தை விளக்க நிற்கிறதா, மறுக்க நிற்கிறதா, சான்று காட்ட நிற்கிறதா என்பதே அவருடைய கேள்வி. அதே கேள்வியை ஆங்கிலப் பனுவலிடம் கேட்கத் தொடங்கினேன். வழி திறந்தது. கீழ்வரும் உத்திகள் யாவும் அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவையே.

ஒரு மாதிரிப் பனுவல்

விளக்கத்திற்காகச் சிறு பனுவல் ஒன்றைத் தமிழிலேயே அமைத்துள்ளேன். உத்தி எம்மொழிக்கும் பொதுவானது என்பதால், பொருள் புரியும் மொழியில் பழகுவது நன்று.

‘கோலசிலாங்கூரில் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் இரவுதோறும் திரளாகக் கூடி ஒளிர்கின்றன. அம்மரங்களைக் காப்பாற்றினால் மின்மினிகளையும் காப்பாற்றிவிடலாம் என்று பலர் கருதுகின்றனர். எனினும், மின்மினி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மரத்தில் கழிப்பதில்லை. புழுப் பருவத்தில் அது கரையோர ஈரநிலத்தில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. செம்பனை நடுவதற்காகக் கரையோரம் திருத்தப்படும்போது இந்த ஈரநிலமும் அதிலுள்ள நத்தைகளும் அழிகின்றன. மரங்கள் நின்றிருந்தாலும் அவற்றில் வந்து அமரும் மின்மினிகள் குறைந்துவிடும்.’

உத்தி 1: வினாவின் வகையை முதலில் அறிக

பனுவலை முழுதும் படிக்குமுன் வினாக்களை ஒருமுறை விரைந்து பாருங்கள். தெரிவுகளைப் பார்க்க வேண்டாம். வினாவின் தண்டுப் பகுதி மட்டும் போதும். வினாக்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். மையக்கருத்தைக் கேட்பவை, குறிப்பிட்ட விவரத்தைக் கேட்பவை, ஊகித்தறிய வேண்டியவை, சொற்பொருளைக் கேட்பவை. விவர வினாவுக்கு இரண்டு மூன்று வரிகளைக் கூர்ந்து படித்தால் போதும். மையக்கருத்து வினாவுக்கு முழுப் பனுவலும் வேண்டும். எனவே, விவர வினாக்களை முதலில் முடித்துவிட்டு மையக்கருத்து வினாவை இறுதியில் செய்வது எனக்கு உதவியது. மற்ற வினாக்களைத் தேடி முடிக்கும்போது பனுவலின் போக்கு தானாகவே விளங்கிவிடுகிறது.

உத்தி 2: திருப்புச் சொற்களில் நின்று பார்க்க

மாதிரிப் பனுவலில் மிக முக்கியமான சொல் எது? ‘மின்மினி’ அன்று; ‘எனினும்’. அதற்கு முன்னால் இருப்பது பலருடைய கருத்து. பின்னால் வருவது எழுத்தாளருடைய கருத்து. ஆங்கிலத்தில் ‘ஹவெவர்’, ‘பட்’, ‘யெட்’, ‘ஆல்தோ’, ‘டெஸ்பைட்’ முதலிய சொற்கள் இவ்வேலையைச் செய்கின்றன. இவற்றைக் கண்டதும் வட்டமிடுங்கள்.

இங்கே தமிழ் மாணவர்கள் இடறும் இடம் ஒன்றைச் சுட்ட விரும்புகிறேன். தமிழில் ‘மரங்கள் நின்றிருந்தாலும் மின்மினிகள் குறைந்துவிடும்’ என்று, விட்டுக்கொடுக்கும் பகுதியை முன்னும் அழுத்தமான பகுதியைப் பின்னும் வைக்கிறோம். வினைமுற்று இறுதியில் வருவது நம் மொழியின் இயல்பு. ஆங்கிலத்திலோ ‘மின்மினிகள் குறைந்துவிடும்’ என்பது முதலில் வந்து, ‘ஆல்தோ’ எனத் தொடங்கும் பகுதி வாக்கியத்தின் வாலாக வரக்கூடும். இறுதியில் வருவதே முக்கியம் என்று பழகிய நம் மனம், அந்த வாலைத் தலையாக எண்ணிவிடுகிறது. ‘ஆல்தோ’ எங்கே நின்றாலும், அதனோடு ஒட்டிய பகுதி விட்டுக்கொடுப்பது. மற்றப் பகுதியே எழுத்தாளர் வலியுறுத்துவது. இந்த ஒரு விதியை அறிந்தபின் என் தவறுகள் பாதியாகக் குறைந்தன.

நீண்ட வாக்கியங்களிலும் இதே சிக்கல் உண்டு. ‘கரையோரத்தில் வளரும் மரம்’ என்று நாம் அடைமொழியை முன்னால் வைக்கிறோம். ஆங்கிலம் ‘மரம்’ என்று சொல்லிவிட்டு, அடையைப் பின்னால் நீளமாகத் தொடுக்கிறது. அதனால் எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வெகு தொலைவிலும் நிற்கும. வாக்கியம் குழப்பினால் முழுவதையும் மொழிபெயர்க்க முயலாதீர்கள். முதன்மை வினைச்சொல்லைக் கண்டுபிடியுங்கள், ‘யார்? எது?’ என்று அதைக் கேளுங்கள். எலும்பு தெரிந்தபின் சதை தானே தெரியும்.

உத்தி 3: தவறான தெரிவுகளின் தந்திரத்தை அறிக

மேற்கண்ட பனுவலுக்கு ஒரு மையக்கருத்து வினா அமைப்போம். எழுத்தாளர் உணர்த்தும் மையக்கருத்து யாது?

அ. மின்மினிப் புழுக்கள் சிறு நத்தைகளைத் தின்கின்றன.
ஆ. பெரெம்பாங் மரங்கள் வெகுவாக அழிந்து வருகின்றன.
இ. மின்மினிகளைக் காக்க மரங்களைக் காப்பது மட்டும் போதாது.
ஈ. செம்பனைப் பயிர் எல்லா உயிரினங்களையும் அழிக்கிறது.

விடை ‘இ’. மற்றவை ஏன் தவறு என்று சொல்லத் தெரிந்தால்தான் விடை உறுதியாகும். ‘அ’ பனுவலில் உள்ள உண்மையே. ஆனால் அது சான்று, மையக்கருத்து அன்று. ‘ஆ’ பனுவலில் உள்ள சொற்களையே எடுத்துச் சொல்லப்படாத செய்தியை உருவாக்குகிறது. மரங்கள் நின்றிருந்தாலும் என்றுதான் பனுவல் கூறுகிறது. ‘ஈ’ மிகையானது, பனுவல் மின்மினியைப் பற்றிப் பேசுகிறதே தவிர எல்லா உயிரினங்களைப் பற்றியும் பேசவில்லை.

இந்த மூன்று தந்திரங்களும் மீண்டும் மீண்டும் வரும்: உண்மை ஆனால் விடையன்று; சொல் ஒன்று ஆனால் பொருள் வேறு; பொருள் சரி ஆனால் அளவு மிகை. ‘ஆல்’, ‘ஒன்லி’, ‘நெவர்’, ‘ஆல்வேஸ்’ போன்ற முற்றான சொற்கள் தெரிவில் இருந்தால், பனுவலிலும் அதே அளவு உறுதி இருக்கிறதா என்று சரிபாருங்கள். பனுவலின் சொல்லை அப்படியே தாங்கி நிற்கும் தெரிவைக் கண்டு மயங்காதீர்கள். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களை உடுத்திக்கொண்டு வரும்.

உத்தி 4: ஊகத்திற்கு எல்லை வகுக்க

ஊக வினாக்களில் நமக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியே எதிரியாகிறது. ‘மின்மினி காண வரும் சுற்றுப்பயணிகள் குறைவர்’ என்று ஒரு தெரிவு இருந்தால், உலக அறிவைக் கொண்டு அதை ஏற்கத் தோன்றும். ஆனால், பனுவலில் சுற்றுப்பயணிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘மரங்களை எண்ணிப் பார்த்து மட்டும் மின்மினிகளின் நிலையை அறிய முடியாது’ என்பதோ எங்கும் எழுதப்படவில்லை எனினும், இறுதி வாக்கியத்திலிருந்து நேராகப் பெறப்படுகிறது. இதுவே ஏற்கத்தக்க ஊகம். எந்த ஊகத்திற்கும் விரலை வைத்துக் காட்ட ஒரு வரி இருக்க வேண்டும். விரல் வைக்க இடம் இல்லையெனில் அந்தத் தெரிவை நீக்கிவிடுங்கள்.

உத்தி 5: விடுபட்ட வாக்கியத்திற்கு இருபுறமும் பார்க்க

ஐந்தாம் பகுதியைப் பலர் அஞ்சுகின்றனர். மாதிரிப் பனுவலில் ‘புழுப் பருவத்தில் அது…’ எனத் தொடங்கும் வாக்கியம் நீக்கப்பட்டதாகக் கொள்வோம். அதன் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அவ்வாக்கியத்தில் உள்ள ‘அது’ என்ற சுட்டு, முன்வாக்கியத்தில் ஒருமையில் ஒரு பெயரைத் தேடுகிறது, ‘மின்மினி’ கிடைக்கிறது. அடுத்த வாக்கியத்தில் ‘இந்த ஈரநிலமும்’ என்று வருகிறது. ‘இந்த’ என்று சொல்ல வேண்டுமானால் ஈரநிலம் முன்னரே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். ஆக, முன்னும் பின்னும் பொருந்துகிறது.

பலரும் கோடிட்ட இடத்திற்கு முன்னுள்ள வாக்கியத்தை மட்டும் பார்க்கின்றனர். பின்னுள்ள வாக்கியமே பல வேளைகளில் விடையைக் காட்டிக்கொடுக்கும். ‘திஸ்’, ‘தீஸ்’, ‘சச்’, ‘தே’ முதலிய சுட்டுகளையும், ‘ஃபார் எக்சாம்பல்’, ‘ஆல்சோ’ முதலிய இணைப்புகளையும் அடிக்கோடிட்டுப் பழகுங்கள். முதலில் உறுதியானவற்றைப் பொருத்திவிட்டால் எஞ்சியவை எளிதாகும்.

உத்தி 6: தெரிந்த சொல்லையும் ஐயுறுக

தெரியாத சொல்லுக்கு அஞ்சத் தேவையில்லை; அதைச் சூழ்ந்த சொற்கள் உதவும். தெரிந்த சொல்லே பெரும்பாலும் ஏமாற்றுகிறது. ‘அட்ரஸ்’ என்றால் முகவரி என்பது தமிழ்ப்பள்ளி இரண்டாம் ஆண்டிலேயே நாம் கற்றது. தூய்மைக்கேட்டைப் பற்றிய பயிற்சிப் பனுவல் ஒன்றில் அரசாங்கம் அச்சிக்கலை ‘அட்ரஸ்’ செய்ய வேண்டும் என்றிருந்தது. யாருக்கு மடல் அனுப்புவது என்று நான் குழம்பினேன். அங்கே அது வினைச்சொல். சிக்கலைக் கவனித்துத் தீர்வு காண முனைதல் என்பது பொருள். அந்தச் சொல் பெயராக நிற்கிறதா, வினையாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு நீங்கள் எண்ணும் பொருளை அவ்விடத்தில் இட்டு, வாக்கியத்தை மீண்டும் படித்துப் பாருங்கள்.

நேரப் பங்கீடு

75 நிமிடங்களை 40 வினாக்களுக்குப் பகிர்ந்தால் ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடம்கூட வராது. சமமாகப் பகிர்வதும் சரியன்று. இரண்டாம் முறை நான் பின்பற்றிய கணக்கு இது: முதல் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து 18 நிமிடம், நான்காம் பகுதிக்கு 12, ஐந்தாம் பகுதிக்கு 13, ஆறுக்கும் ஏழுக்கும் தலா 14. மொத்தம் 71 நிமிடம். எஞ்சிய நான்கு நிமிடம் விடைத்தாளைச் சரிபார்க்க. ஒரு வினா இரண்டு தெரிவுகளுக்கிடையே இழுபட்டால், ஒன்றைக் குறித்துவிட்டு, வினா எண்ணின் பக்கத்தில் புள்ளியிட்டு நகர்ந்துவிடுங்கள். தவறான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விட வேண்டாம்.

ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுவோருக்கு

மேற்படிப்புக்காக வெளிநாடு செல்லும் நம் முன்னாள் மாணவர்கள் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வையும் எழுதுகின்றனர். அதன் வாசிப்புத் தாளிலும் 40 வினாக்களே; நேரம் 60 நிமிடம். அங்கே ‘சரி, தவறு, குறிப்பிடப்படவில்லை’ என்றொரு வினாவகை உண்டு. தவறுக்கும் குறிப்பிடப்படாமைக்கும் உள்ள வேறுபாட்டை நம் பனுவலைக் கொண்டே காணலாம். ‘மின்மினி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மரத்தில் கழிக்கிறது’ என்பது தவறு. பனுவல் அதை நேரடியாக மறுக்கிறது. ‘பெரெம்பாங் மரங்களை வெட்டுவோருக்குத் தண்டம் விதிக்கப்படும்’ என்பது குறிப்பிடப்படவில்லை; பனுவல் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுக்கும் வரியைக் காட்ட முடிந்தால் மட்டுமே ‘தவறு’ என எழுதுங்கள்.

அன்றாடப் பயிற்சி

உத்திகள் வாசிப்புக்கு மாற்றாகா. நாளொன்றுக்கு ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தையோ கட்டுரையையோ படியுங்கள். படித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, எழுத்தாளர் சொன்னதைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வரிக்கு வரி மொழிபெயர்ப்பது வேகத்தைக் கெடுக்கிறது. முழுதும் படித்தபின் தமிழில் சுருக்குவதோ புரிதலைச் சோதிக்கிறது. அந்த ஒரு வாக்கியம் எழுத வரவில்லையெனில் கட்டுரை புரியவில்லை என்று பொருள். நான் மூன்று மாதம் இதைச் செய்தேன். ஒரு குறிப்பேடு நிறைந்தது.

பயிற்சித் தாள் செய்யும்போது விடை சரியா தவறா என்று மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும், மேற்சொன்ன தந்திரங்களுள் எதில் சிக்கினீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் பலவீனம் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். என்னுடையது ‘சொல் ஒன்று, பொருள் வேறு’.

முடிவுரை

இரண்டாம் முறை எனக்கு நான்காம் தரநிலை கிடைத்தது. மிக உயர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனால், வேண்டியது கிடைத்தது. முடிவைக் கைப்பேசியில் பார்த்ததும் அம்மாவிடம் காட்டினேன். அவர் முன்பு கேட்ட கேள்விக்கு அப்போதுதான் மறுமொழி சொன்னேன். தமிழ்ப்பள்ளியில் படித்ததால் நான் தோற்கவில்லை. தமிழில் கற்ற கருத்துணர்தலை ஆங்கிலத்திற்கு எடுத்துச் செல்லாததால் தோற்றேன்.

வகுப்பில் ஆங்கிலக் கேள்விக்கு வாய் திறக்க அஞ்சிப் பின்வரிசையில் அமரும் தம்பி தங்கையரை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். ‘எனக்கு ஆங்கிலம் வராது அண்ணே’ என்று அவர்கள் சொல்லும்போது, வாசிக்கத் தெரிந்தவருக்கு எம்மொழியிலும் பாதி வழி கடந்தாயிற்று என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். தேர்வு நெருங்கும் வாரங்களில் நம் கழக அறையில் மாலைதோறும் ஒரு மணி நேரம், மூத்தோர் இருவரும் இளையோர் சிலரும் சேர்ந்து ஒரு பனுவலைப் படித்தாலே போதும். செலவில்லாத பணி, பயனோ பெரிது. விரும்பும் நண்பர்கள் முன்வருக. என் குறிப்பேட்டைத் தர நான் ஆயத்தமாக உள்ளேன்.